எல்லையோரத்தில் போன், டிவி, லேப்டாப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று கோவை, பொள்ளாச்சிப் பக்கமிருந்து பாலக்காட்டுக்குள் நுழையும் வழிகளில் இருபுறமும் தமிழ்க் குடும்பங்கள்தான். வீடு ஒரு மாநிலத்தில், வேலை அடுத்த மாநிலத்தில், சிம் எடுத்தது ஓரிடம், பில் போட்டது இன்னோரிடம் என்று இருக்கும். புதுப் போன் பற்றி வரும் செய்திகள் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதோடு முடிந்துவிடுகின்றன. இந்தப் பக்கத்து ஆட்களை அலைய வைப்பது பெரும்பாலும் டவர், பில், இடி மின்னல், பின்கோடு. அதனால் அவற்றுக்கே இங்கே இடம் அதிகம். செங்கோட்டை–ஆரியங்காவு, கம்பம்–குமுளி, களியக்காவிளை–பாறசாலைப் பக்கத்தாருக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதே நெட் நின்றுபோகிறது. கால் மட்டும் வருகிறது. சிம் கெட்டுவிட்டதா?

சிம்மைக் குறை சொல்லும் முன் ரோமிங்கைப் பாருங்கள். தொலைத்தொடர்புக் கணக்கில் தமிழ்நாடு ஒரு வட்டம், கேரளா ஒரு வட்டம். போன் மாநில எல்லையைப் பார்ப்பதில்லை. எந்த டவர் பலமாகக் கிடைக்கிறதோ அதைப் பிடிக்கும். வாளையாற்றில் தமிழ்நாட்டுப் பக்கம் வீடு இருந்தாலும், மாடியில் கேரள டவரும் அடுக்களையில் தமிழ்நாட்டு டவரும் கிடைப்பது சாதாரணம். அடுத்த வட்டத்து டவரைப் பிடித்ததும் சில சிம்களுக்கு அது ரோமிங் ஆகிவிடும். போனில் ‘டேட்டா ரோமிங்’ அணைந்திருந்தால் அந்த நொடியே நெட் நிற்கும். கால் வந்துகொண்டிருக்கும்.

அமைப்புகளில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போய், சம்பந்தப்பட்ட சிம்மைத் தொட்டு, டேட்டா ரோமிங்கை இயக்குங்கள். இரண்டு சிம் போட்டிருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். பலர் ஒன்றை மட்டும் செய்துவிட்டுப் ‘பலனில்லை’ என்கிறார்கள். இன்றைய அன்லிமிடெட் பேக்குகளில் இந்தியாவுக்குள் ரோமிங் அடங்கிவிடுவதால் தனிக் காசு பிடிக்க மாட்டார்கள். வெளிநாடு போகிறவர்கள் மட்டும் விமானம் ஏறும் முன் இதை மறக்காமல் அணைக்க வேண்டும்.

112-க்கு அவசரமாக அழைக்கும்போதும் இதே டவர் விஷயம் குறுக்கே வரும். உங்கள் கால் அடுத்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடலாம். அதனால் எடுத்த எடுப்பில் ஊர், மாநிலம் இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

ஊருக்குள் ஒரு நாள் முழுக்க நிற்கும் பேட்டரி, எல்லைப் பக்கம் வந்தால் மத்தியானமே தீர்ந்துவிடுகிறதே?

சிக்னல் மங்கினால் போன் தன் ஒலிபரப்பு ஆற்றலை ஏற்றிக்கொண்டே போகும். 4ஜியில் அதன் உச்சம் சுமார் 200 மில்லிவாட். டவர் அருகில் இருந்தால் இதில் சிறு பங்கே செலவாகும். அதோடு 5ஜி ஒரு புள்ளி கிடைத்து, விட்டு, மறுபடி 4ஜி, மறுபடி தேடல் என்று இழுபறி நடந்தால் போன் ஓய்வே எடுக்காது.

5ஜி நிலையாக இல்லாத இடத்தில் விருப்ப நெட்வொர்க்கை 4ஜி என்று மாற்றி வையுங்கள். வேகத்தில் இழப்பது கொஞ்சம், பேட்டரியில் மிச்சமாவது அதிகம். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் ‘வைஃபை காலிங்’கை இயக்கினால், டவர் எட்டாத கான்கிரீட் அறையிலும் கால் தெளிவாகக் கேட்கும். ஆரியங்காவு கணவாய் ரயிலிலோ வால்பாறை மலைப்பாதையிலோ போகும்போது அரை மணி நேரம் ஏரோப்ளேன் மோடு போடுவதுதான் மிகச் சிறந்த சிக்கனம்.

மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று. பிஎஸ்என்எல்லின் 4ஜி 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் பயன்படுத்துகிறது. போன் விவரக்குறிப்பில் அதற்குப் பெயர் ‘பேண்ட் 28’. தாழ்ந்த அலைவரிசை என்பதால் மரம், சுவர் தாண்டி தூரம் போகும். பழைய போன்கள் சிலவற்றில் பேண்ட் 28 கிடையாது. டவர் கண்ணெதிரே நிற்கும், போனில் ஒரு கோடு கூட ஏறாது. வாங்கும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டு நம்பரைக் கேரள நம்பராக மாற்ற வேண்டுமா?

எண்ணை மாற்றத் தேவையில்லை. 2015 ஜூலை முதல் அதே எண்ணோடு வட்டம் விட்டு வட்டம் வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்யலாம். ஆங்கில எழுத்தில் போர்ட் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அது நான்கு நாள் செல்லும். அதைப் புதிய நிறுவனத்தின் கடையில் கொடுத்தால், அதே வட்டத்துக்குள் மூன்று வேலை நாளும், வட்டம் மாறினால் ஐந்து வேலை நாளும் பிடிக்கும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். சிம்மை மாற்றிக் கொடுத்த பிறகு ஏழு நாள் வரை போர்ட் செய்ய முடியாது. இது 2024 ஜூலை முதல் உள்ள விதி.

நிரந்தரமாகக் கேரளத்தில் குடியிருப்பவர் வட்டத்தை மாற்றிக்கொள்வது நல்லது. சிம் தொலைந்தால் டூப்ளிகேட் சிம்மைப் பெரும்பாலும் அந்த எண் சேர்ந்த வட்டத்துக் கடையில்தான் தருவார்கள். கொழிஞ்சாம்பாறையில் வீடு, எண் தமிழ்நாடு என்றால், ஒரு சிம்முக்காகப் பொள்ளாச்சி வரை போக நேரும். மாற்று சிம் கிடைத்த பிறகும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. அன்று வங்கி ஓடிபி வேண்டிய வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேரளத்தில் வாங்கினால் விலை குறைவா, தமிழ்நாட்டில் வாங்கினால் குறைவா?

வரியில் வித்தியாசம் இல்லை. செல்போனுக்கு நாடு முழுக்க 18% ஜிஎஸ்டி. 2020 ஏப்ரல் முதல் இதே விகிதம். வெள்ளத்துக்குப் பின் கேரளம் 1% கூடுதல் வரி போட்டது. அது 2019 ஆகஸ்ட் 1-இல் தொடங்கி 2021 ஜூலை 31-இல் முடிந்துவிட்டது. ‘கேரளாவில் வரி ஜாஸ்தி’ என்ற பேச்சு மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வித்தியாசம் வருவது பண்டிகைத் தள்ளுபடியில். பாலக்காட்டுக் கடைகள் ஓணத்துக்குத் தள்ளுபடியைத் திறந்துவிடும். கோவைக் கடைகள் தீபாவளிக்கு. ஆவணியில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை என்று இரண்டு சீசனையும் பார்க்க முடிவது எல்லையில் இருப்பவருக்குக் கிடைத்த வசதி. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி, ஏசி ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலைக் காட்டி ‘தள்ளுபடி’ என்று யாராவது சொன்னால் கவனம்.

பில்லில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஜிஎஸ்டி எண். பதினைந்து எழுத்து இருக்கும். முதல் இரண்டும் மாநிலக் குறியீடு. 32 கேரளா, 33 தமிழ்நாடு, 37 ஆந்திரா. கடை பாலக்காட்டில் இருக்க, எண் 33 என்று தொடங்கினால் எந்தக் கிளை பில் போட்டது என்று கேளுங்கள்.

அடுத்து வரி. 15,000 ரூபாய் போன் என்றால் வரி 2,700, ஆக 17,700. இது 9 + 9 என்று மத்திய, மாநில வரியாகப் பிரிந்திருக்கலாம். உங்கள் தமிழ்நாட்டு முகவரியைப் பில்லில் எழுதியிருந்தால் ஒரே வரியாக ஐஜிஎஸ்டி 18 என்றும் வரலாம். மொத்தம் ஒன்றுதான்.

எல்லாவற்றையும் விட முக்கியம் ஐஎம்இஐ, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண். இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண் உண்டு. கடையிலேயே *#06# அடித்து, திரையில் வருவதும் பெட்டியில் உள்ளதும் பில்லில் உள்ளதும் ஒன்றா என்று பார்த்துவிட்டு நகருங்கள். ‘எஸ்டிமேட்’ என்று துண்டுச்சீட்டு கொடுத்து 500 ரூபாய் குறைக்கிறேன் என்பார்கள். அந்தச் சீட்டை வைத்து வாரண்டி கேட்க முடியாது, போன் தொலைந்தால் அது உங்களுடையது என்று காட்டுவதும் சிரமம். 500 ரூபாய்க்கு அது மோசமான வியாபாரம். வெப்பத்தாள் பில் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும் என்பதால் அன்றே படமெடுத்து மின்னஞ்சலில் போட்டுவையுங்கள்.

பாலக்காட்டில் வாங்கினேன், இருப்பது பொள்ளாச்சிப் பக்கம். புகார் எங்கே கொடுப்பது?

உங்கள் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போட இடம் தருகிறது. பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஈ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

அதற்கு முன் 1915-ஐ அழைத்துப் பாருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். பல புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

புகார் நிற்பதும் விழுவதும் ஜாப் ஷீட்டில். சர்வீஸ் சென்டரில் போனை ஒப்படைக்கும்போது ‘டிஸ்ப்ளே கம்ப்ளைண்ட்’ என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். ‘கீழே விழவில்லை, கீறல் இல்லை, வாங்கிய 40-ஆவது நாள் பச்சைக் கோடு வந்தது’ என்பதைப் போல, நடந்ததை அப்படியே எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். ‘லிக்விட் டேமேஜ்’ என்று அவர்கள் பிறகு எழுதினால், எந்த இடத்தில் என்று படம் கேட்கலாம்.

கல்ஃபிலிருந்து வந்தவர் விற்கும் ஐபோனை நம்பி வாங்கலாமா?

பாலக்காடு, மலப்புறம், கொல்லம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பதால் இப்படிப் போன்கள் எல்லை தாண்டி நிறைய வருகின்றன. பொருள் பெரும்பாலும் நல்லதாகவே இருக்கும். சங்கடம் வேறு இடத்தில்.

ஐபோன் 17 வரிசை சவுதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகிய நாடுகளில் ஈசிம் (போனுக்குள்ளேயே பதிந்த சிம்) மட்டுமே உள்ளதாக விற்கப்படுகிறது. சிம் தட்டே இருக்காது. ‘தட்டு எங்கே?’ என்று பின்னூசியோடு போனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் பயனில்லை. வாங்குவதற்கு முன் உங்கள் நிறுவனம் உங்கள் எண்ணுக்கு ஈசிம் தருமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். போன் மாற்றும் போதெல்லாம் சிம்மைக் கழற்றிப் போடும் பழக்கமுள்ளவருக்கு இது ஒத்துவராது.

எங்கே விற்ற போன் என்பதை அறிய, அமைப்புகளில் ‘ஜெனரல்’, ‘அபவுட்’ போய் மாடல் எண்ணைப் பாருங்கள். சாய்கோட்டுக்கு முன் எச்என் என்றிருந்தால் இந்தியாவுக்கானது. ஏஇ, ஏபி என்றால் வளைகுடாப் பக்கம். அதே எண்ணின் முதல் எழுத்தும் பேசும்: எம் என்றால் புதிதாக விற்றது, எஃப் என்றால் நிறுவனமே புதுப்பித்து விற்றது, என் என்றால் சர்வீசில் மாற்றிக் கொடுத்தது. விற்பவர் ‘சீல் பிரிக்காத புதுசுங்க’ என்று சொல்லி, அந்த முதல் எழுத்து ‘என்’ ஆக இருந்தால் மேற்கொண்டு பேச வேண்டாம். அமீரகத்தில் விற்ற சில ஐபோன்களில் ஃபேஸ்டைம் இருக்காது. அங்கேயே திறந்து பார்த்துவிடுங்கள்.

சாம்சங்கில் வேறு கதை. பெட்டியின் மேல், ‘இந்தப் பகுதி சிம்மில் முதலில் இயக்க வேண்டும்’ என்று ஒட்டியிருந்தால், அந்தப் பகுதி சிம்மில் மொத்தம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசிய பிறகே மற்ற நாட்டு சிம் வேலை செய்யும். சீல் பிரிக்காமல் கொண்டுவந்த போன் இங்கே பூட்டிக்கொள்ளும் காரணம் இதுதான். வாரண்டியையும் இந்தியாவில் எதிர்பார்க்க வேண்டாம். விலை பேசும்போதே அதைக் கழித்துவிடுங்கள். சார்ஜரின் சதுரக் கால் நம் பிளக்கில் நுழையாது. அதற்காக ஒயரை வெட்டி ஒட்டுவதை விட, சி-டைப் கேபிளை மட்டும் வைத்துக்கொண்டு இந்தியச் சார்ஜர் வாங்குவது பாதுகாப்பு.

செகண்ட் ஹேண்ட் ஆண்ட்ராய்டு வாங்கும்போது?

ஆங்கிலத்தில் கே, ஒய், எம் ஆகிய மூன்று எழுத்தையும் அடித்து, ஓர் இடம் விட்டு, 15 இலக்க ஐஎம்இஐ சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று பதில் வரும். தடைசெய்யப்பட்டது என்று வந்தால் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

பிறகு விற்பவரையே கூகுள் கணக்கை நீக்கச் சொல்லி, உங்கள் கண்முன்னே ஃபேக்டரி ரீசெட் செய்ய வையுங்கள். கணக்கை நீக்காமல் பட்டன் அமுக்கி ரீசெட் செய்தால், திரும்ப ஆன் ஆகும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அது தெரியாவிட்டால் அந்தப் போன் வெறும் கண்ணாடித் துண்டு. முழு வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து திரையைப் பாருங்கள்; ஓரத்தில் மஞ்சள், நடுவில் நிழல் தெரிந்தால் டிஸ்ப்ளே மாற்றியது. ஒரு கால் போட்டு ஸ்பீக்கர், மைக், காதருகே வைத்தால் திரை அணைகிறதா என்பது வரை பார்த்துவிடலாம்.

பஸ்ஸில் போன் தொலைந்தது. பாலக்காட்டிலா கோவையிலா என்று தெரியவில்லை. எந்த ஸ்டேஷன்?

எதில் வேண்டுமானாலும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டம், குற்றம் நடந்த எல்லை எது என்று பாராமல் தகவலைப் பதிவு செய்யச் சொல்கிறது. தமிழ்நாட்டில் போன் காணவில்லை என்றால் பெரும்பாலும் சிஎஸ்ஆர் என்ற புகார் ரசீது தருவார்கள். அது போதும்.

வரிசை முக்கியம். முதலில் டூப்ளிகேட் சிம், ஏனென்றால் பிந்தைய படியில் ஓடிபி வேண்டும்; முன்பு சொன்ன 24 மணி நேர எஸ்எம்எஸ் தடை முடிந்த பிறகே அது வரும். பிறகு புகார் ரசீது. பிறகு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், தொலைந்த போனை முடக்கும் சிஇஐஆர் பகுதிக்குப் போய் ஐஎம்இஐ எண்கள், பில், புகார் ரசீது, அடையாள அட்டை ஏற்றினால், 24 மணி நேரத்துக்குள் இந்தியாவின் எல்லா நெட்வொர்க்கிலும் அந்தப் போன் முடங்கும். 2023 மே முதல் இது நாடு முழுக்க உள்ளது. எந்த மாநிலத்து சிம் போட்டாலும் தப்பாது. போன் கிடைத்துவிட்டால் அதே இடத்தில் ‘அன்பிளாக்’ கொடுக்க மறக்காதீர்கள்.

சஞ்சார் சாத்தி செயலியை எல்லாப் புதுப் போனிலும் கட்டாயம் ஏற்ற வேண்டும் என்று 2025 டிசம்பர் தொடக்கத்தில் வந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கட்டாயத்தை அரசு டிசம்பர் 3-ஆம் தேதியே விலக்கிக்கொண்டது. செயலி இல்லாமலும் இணையதளத்தில் எல்லாம் செய்யலாம்.

பணம் போயிருந்தால் இதற்கெல்லாம் முன்பாக சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

போன் விலை ஏன் ஏறுகிறது? ‘8+8 ஜிபி’ என்றால் 16 தானே?

செயற்கை நுண்ணறிவுக் கணினி மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போகின்றன. சிப் கம்பெனிகளுக்கு அதில் லாபம் அதிகம். சாதாரணப் போன், லேப்டாப்புக்கான ரேம் பின்னுக்குப் போகிறது. சில்லறை விற்பனைக்கான ‘க்ரூஷியல்’ வியாபாரத்தையே நிறுத்துவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. சூடு முதலில் பட்டது குறைந்த விலைப் போன்களுக்கு, ஏனெனில் அவற்றின் அடக்கவிலையில் மெமரியின் பங்கு பெரிது.

8+8 என்பது 16 அல்ல. கடை ஃப்ளெக்ஸில் 16 பெரிதாகவும், பக்கத்தில் நட்சத்திரக் குறி கடுகளவாகவும் இருக்கும். இரண்டாவது 8 சேமிப்பிலிருந்து கடன் வாங்கியது. ரேமின் வேகத்துக்கு அது கிட்டேயும் வராது. 4+4 போனை விட உண்மையான 6 ஜிபி போன் எவ்வளவோ மேல்.

அப்டேட் எத்தனை வருடம் என்பது அவ்வளவு முக்கியமா?

வங்கிச் செயலி, யூபிஐ வைத்திருப்பவருக்கு முக்கியம். கூகுள் பிக்சல் 8 முதலும், சாம்சங் எஸ்24 முதலும் ஏழு வருடம் தருவதாகச் சொல்கின்றன. பத்தாயிரம் ரூபாய்ப் போன்களில் இது இரண்டு முதல் நான்கு வருடம் வரை கூடும், குறையும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், விற்பனை முடிந்த பிறகும் ஐந்து வருடம் அப்டேட் தர வேண்டும் என்று விதி. அது இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. செய்தியைப் படித்துவிட்டு நம் போனுக்கும் என்று எண்ண வேண்டாம். அமைப்புகளில் ‘செக்யூரிட்டி பேட்ச்’ தேதியைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பழையதென்றால், பணம் புழங்கும் வேலையை அந்தப் போனில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

பெட்டியில் சார்ஜர் இல்லை. 150 ரூபாய் சார்ஜர் போதாதா?

போதாது. சார்ஜரின் முதுகில் இந்தியத் தர நிர்ணய முத்திரையும், ஆங்கில ஆர் எழுத்தோடு எட்டு இலக்க எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும். போலியில் எண் இருக்காது, அல்லது எண் வேறு பொருளுக்கு உரியதாக இருக்கும்.

67 வாட் போனைச் சாதாரண ‘பிடி’ (யூஎஸ்பி பவர் டெலிவரி) சார்ஜரில் போட்டால் கெடாது, மெதுவாக ஏறும். அவ்வளவுதான். வேகம் வேண்டுமென்றால் அந்தக் கம்பெனியின் சார்ஜரும் அதன் கேபிளும் இரண்டுமே தேவை. கேபிளை மட்டும் மாற்றிவிட்டுப் போனைக் குறை சொல்கிறவர்கள் அதிகம்.

20,000 எம்ஏஎச் பவர் பேங்கில் 5,000 போனை நான்கு தடவை ஏற்றலாமா?

இரண்டரை, மிஞ்சினால் மூன்று. மின்னழுத்தத்தை மாற்றும்போதும் ஏற்றும்போதும் மீதி சூடாகப் போகிறது. விமானத்தில் 100 வாட்-மணி வரை அனுமதி. இது 74 தான், கைப்பையில் கொண்டுபோகலாம்.

ஐப்பசி மழையில் ஒவ்வொரு வருடமும் ரூட்டரோ டிவியோ போய்விடுகிறது. எம்சிபி போட்டும் ஏன்?

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடி மதியத்துக்குப் பிறகு தொடங்கி இரவு வரை நீளும். சித்திரை, வைகாசிக் கோடை மழையும் அப்படித்தான். எம்சிபி ஓவர்லோடுக்கானது, ஆர்சிசிபி ஷாக் அடிக்காமல் காப்பதற்கானது. மின்னல் தூண்டும் அழுத்தம் மைக்ரோ விநாடிகளில் வந்து போகும். அவை இரண்டும் விழித்துக்கொள்ளும் முன் ரூட்டர் முடிந்திருக்கும்.

அழுத்தம் வரும் வழிகள் பல. கரண்ட் லைன் ஒன்று. டிஷ்ஷிலிருந்து இறங்கும் கேபிள் இன்னொன்று. டிவியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிஷ் கேபிளை அப்படியே விட்டவர்களின் செட்டாப் பாக்ஸ், அதன் வழியாக எச்டிஎம்ஐ போர்ட், கடைசியில் டிவி போர்டு என்று வரிசையாகப் போகும். மாடி கேமராவிலிருந்து வரும் லேன் ஒயரும் அப்படியே. ஃபைபர் கண்ணாடி என்பதால் மின்சாரம் கடத்தாது. ஆனால் தூணிலிருந்து வீட்டுக்கு இழுக்கும் ஃபைபர் கேபிளில் தாங்குவதற்காக ஓர் எஃகுக் கம்பி ஓடும். அதைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டிக் கட்டிவிட வேண்டும். சிலர் அதையும் சேர்த்து ரூட்டர் வரை கொண்டுவந்து சுருட்டி வைத்துவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது: மானம் கறுத்ததும், முதல் இடிக்கு முன்பே, பிளக், டிஷ் கேபிள், லேன் மூன்றையும் கழற்றுங்கள். ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது. அது ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கிறது. இடி தொடங்கிய பின் ஒயரைத் தொட வேண்டாம். நிரந்தரத் தீர்வு மெயின் போர்டில் ‘டைப் 2’ எஸ்பிடி, அதாவது திடீர் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி. அது வேலை செய்ய எர்த் நன்றாக இருக்க வேண்டும். ஐந்து ஓமுக்குக் கீழே இருந்தால் நல்லது. கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும், தண்ணீர் ஊற்ற வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் எஸ்பிடி வெறும் அலங்காரம். சர்ஜ் எக்ஸ்டென்ஷன் போர்டில் உள்ள பச்சை விளக்கு அணைந்துவிட்டால், அதன் பாதுகாப்புப் பகுதி தன் உயிரைக் கொடுத்துவிட்டது என்று பொருள். பிளக் வேலை செய்யும், காப்பு இருக்காது.

ரூட்டர் செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். 12 வோல்ட் என்றால் 12 தான் இருக்க வேண்டும். ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது. முனைக் குறியில் நடு பாசிட்டிவா என்று ஒத்துப் பாருங்கள். பல நேரம் 250 ரூபாயோடு வேலை முடிந்துவிடும். மின்னல் சேதத்தை வாரண்டி பொதுவாக ஏற்காது.

பைக்கில் போனை மாட்டி மேப் பார்க்கிறேன். கேமரா மங்கிவிட்டது.

இஞ்சின் அதிர்வு. கேமராவுக்குள் லென்ஸைத் தாங்கும் நுண்ணிய ஸ்பிரிங், காந்த அமைப்பு அதில் தளர்ந்துவிடும். ஆப்பிளே 2021 செப்டம்பரில் இதுபற்றி எச்சரித்தது. டெலிவரி வேலை செய்பவர் அதிர்வுதாங்கி வைத்த ஹோல்டர் வாங்குங்கள். அதைவிடப் பழைய போன் ஒன்றை மேப்புக்கென்று ஒதுக்குவது மலிவு. பாலக்காட்டில் பங்குனி வெயில் 40 டிகிரியைத் தொடும்; அந்த வெயிலில் மேப், சார்ஜ் இரண்டும் ஒன்றாக ஓடினால் பேட்டரி ஆயுள் வேகமாகக் குறையும்.

மழையில் நனைந்த போனை அரிசியில் போடலாமா?

வேண்டாம். அரிசித் தூசு சார்ஜ் துளைக்குள் போய்க் கெடுக்கும். துளை கீழே பார்க்கும்படி பிடித்து மெல்லத் தட்டி, காற்றோட்டத்தில் அரை மணி நேரம் வைத்து, திரையில் வரும் ஈர எச்சரிக்கை மறைந்த பின் சார்ஜ் போடுங்கள்.

விண்டோஸ் 10 லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அதில் சேமிக்க ஒப்புக்கொண்டால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கட்டணமின்றிக் கிடைக்கும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம், இன்டெல் சிப் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும்.

அதற்குத் தகாத லேப்டாப்பில் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் போடலாம். கேரள அரசுப் பள்ளிகளில் கைட் நிறுவனம் தயாரித்த உபுண்டு வழி லினக்ஸ்தான் பல வருடமாக ஓடுகிறது. பாலக்காடு மாவட்டத்துத் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் அதில் ஓடும் அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸ் கைவந்த கலை, பெற்றோர்தான் தயங்குகிறார்கள். ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றினால் பத்து வருட லேப்டாப்பும் நடக்கும்.

ஆன்லைனில் சித்தூருக்கு ஆர்டர் போட்டால் ஆந்திராவுக்குப் போகிறது!

பின்கோடு. பாலக்காட்டுச் சித்தூர் 678 என்று தொடங்கும், ஆந்திரச் சித்தூர் 517. முகவரியில் எதை எழுதினாலும் பார்சல் பின்கோடு சொல்லும் ஊருக்குத்தான் போகும்.

பரம்பிக்குளம் போகும்போது மேப் நின்றுவிடுகிறதே?

பரம்பிக்குளம் கேரளத்தில், சாலை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து. காட்டுக்குள் சிக்னலை நம்ப முடியாது. சேத்துமடைக்கு முன்பே கூகுள் மேப்ஸில் மூலையில் உள்ள உங்கள் கணக்குப் படத்தைத் தொட்டு, ‘ஆஃப்லைன் மேப்ஸ்’ போய், ஆனைமலையிலிருந்து பாலக்காடு வரை கட்டம் இழுத்து இறக்கிவையுங்கள். ஜிபிஎஸ்சுக்கு நெட் தேவையில்லை.

போனின் பின்மூடி உப்பியிருக்கிறது. இன்னும் ஓடுகிறது, வைத்திருக்கலாமா?

இல்லை. உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். அணைத்து, தீப்பிடிக்காத தரையில் தனியாக வைத்து, சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். அவர்கள் பேட்டரியை மாற்றித் தருவார்கள். பழசைக் குப்பையில் போட வேண்டாம். கேரளப் பக்கம் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனை வீடு தேடி வரும்போது மின்கழிவு வாங்கும் நாளைக் கேட்டு அன்று கொடுக்கலாம். கழற்றிய பேட்டரி முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டிக் கொடுங்கள்.